சாமிக்கும் ஆகாத வாய்

என்னைப் பெற்ற அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தேன். ஊரில் தாய்மாமன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. சிங்கப்பூரில் எனக்கு இருந்த ஒரே மாமா என் அப்பாதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வந்ததில்லை.

எல்லாம் என் நட்சத்திரம் செய்த வேலை. ஜப்பான்காரன் காலத்தில், மூலம் முதல் பாதத்தில் பிறந்தேன். பிள்ளை பெற்ற தீட்டுக் கழிவதற்குள், சயாமில் தண்டவாளம் போட ஆள் பிடித்தவர்கள் என் அப்பாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கைக்குழந்தையோடு சிராங்கூன் ரோட்டுக்குப் போனாள். அங்கே கடைவாசல்களை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு ஜோசியர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் என்னைக் கிடத்திவிட்டு அழுதிருக்கிறாள். அவர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, "தகப்பனுக்கு ஆகாத ஜாதகம்மா. இந்தப் புள்ள வாயால அப்பான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிடாம வளர்த்தா அவரு திரும்பி வருவாரு" என்று சொல்லிவிட்டார்.

சண்டை முடிந்ததும் அப்பா திரும்பி வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக வந்தார், ஆனாலும் வந்துவிட்டார். கூடப் போனவர்களில் வராதவர்கள் எத்தனையோ பேர். அதற்கப்புறம் அம்மாவிடம் போய் ஜோசியமெல்லாம் பொய் என்று யார் சொல்வது? சொன்னால்தான் அவள் கேட்பாளா?

அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே தடை. அலுத்துப்போய் உட்காரும்போது ஊரில் எல்லோரும் 'அப்பாடா' என்பார்கள். எனக்கு அது கிடையாது. "அம்மாடின்னு சொல்லு" என்பாள் அம்மா. அடிபட்டால் 'ஐயோ அம்மா' மட்டும்தான். சாப்பிடும்போது நான் அப்பளம் கேட்க வாயெடுத்தால், சொல் முழுசாக வந்து சேரும்வரை அம்மா அகப்பையோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம்தான்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவோம். "அப்பனே முருகா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் பக்கத்தில் நின்ற நானும் அதையே சொல்லப் போனேன். சட்டென்று என் வாயைப் பொத்தி, "நீ முருகான்னு மட்டும் சொல்லு" என்றாள். எங்கே சொல் நாக்கில் பழகிவிடுமோ என்றுதான் அவள் பொத்தியது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயதே ஆகாத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? பெற்றவருக்கு ஆகாத வாய் சாமிக்கும் ஆகாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த பயம் இருபது வயது தாண்டியும் என்னை விடவில்லை.

அப்பாவுக்குத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் இருந்த மாவு மில்லில் வேலை. அரிசி, மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அங்கேதான் அரைபடும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் முதல் கால் விரல்வரை மஞ்சளாக இருப்பார். குளித்துவிட்டு வந்தாலும் கையில் மிளகாய்க் காரம் போகாது, அதனால் எங்கள் முகத்தைத் தொட மாட்டார். என்னைத் தொடாமல் இருப்பதற்கு நட்சத்திரம்தான் காரணம் என்று நான் நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதிகம் பேசாத மனிதர். நான் மாமா என்று கூப்பிட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

எட்டு வயதிருக்கும். நாங்கள் குடியிருந்த கடைவீட்டின் மரப்படியில் உச்சியிலிருந்து உருண்டேன். விழுகிற வேகத்தில் எது வாயில் வர வேண்டும் என்று யார் யோசிப்பார்கள்? "அப்பா!" என்று அலறிவிட்டேன். கீழே இருந்த மலாய்க்காரம்மா ஓடி வந்து தூக்கினாள். என் அம்மா மேலேயே நின்றாள், முகம் வெளுத்துவிட்டது. முட்டியில் வழிந்த ரத்தத்தை அவள் பார்க்கவே இல்லை. அந்த வாரத்திலேயே மில் பெல்ட்டில் அப்பாவின் கை மாட்டி, இடக்கைச் சுண்டுவிரல் போய்விட்டது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கட்டுப் போட்ட கையோடு அப்பா படுத்திருக்க, அவள் சூடம் ஏற்றி என் வாயைச் சுற்றி எடுத்துவிட்டு, "இனிமே மறக்காதே கண்ணு" என்று கெஞ்சினாள். நான் மறக்கவில்லை. அடுத்த தடவை விரலோடு போகாது, ஆளே போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு கிறிஸ்தவப் பெண். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸர், புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடும் வேலை. ஆஸ்பத்திரி ஆட்களுக்கான குவாட்டர்ஸில் அவர்கள் வீடு. முதல் தடவை அங்கே போனபோது எனக்குக் குலை நடுங்கிவிட்டது. "அப்பா, என் ரிப்பன் எங்கே?" "அப்பா, இவ பாருங்க!" "அப்பா, தண்ணி!" மூச்சுக்கு மூச்சு அப்பா. அந்த மனுஷரோ குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டு கிறிஸ்மஸுக்குப் போயிருந்தேன். வாசலில் மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரம் தொங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் டிரெஸர் பிள்ளைகளை உட்கார வைத்து இயேசு பிறந்த கதையைச் சொன்னார். குழந்தை பிறந்ததாம், நட்சத்திரத்தைக் கண்டு கிழக்கேயிருந்து சாஸ்திரிகள் தேடி வந்தார்களாம். பிள்ளை, நட்சத்திரம், சாஸ்திரி. இது எங்கள் வீட்டுக் கதையல்லவா?

"என்ன நட்சத்திரம்?" என்று கேட்டேன்.

"பெரிய நட்சத்திரம் லா" என்றாள் தோழி.

"அதில்லடி. ரோகிணியா, மூலமா? சாஸ்திரிங்க பார்த்துட்டு என்ன சொன்னாங்க? அப்பாவுக்கு ஆகாதுன்னாங்களா?"

வீடே சிரித்தது. தோழி தரையில் உருண்டாள். டிரெஸர் மட்டும் சிரிக்காமல், "அப்படி ஒண்ணும் சொல்லலம்மா. கும்பிட்டுட்டு, கொண்டாந்ததைக் குடுத்துட்டுப் போனாங்க" என்றார்.

"அப்புறம் அந்த அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தத் தச்சருக்கா? புள்ள கொஞ்சம் வளர்ற வரைக்கும் அவரைப் பத்திப் பேச்சு இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணையும் காணோம்."

எனக்குத் தெரியும்! சாஸ்திரிகள் பெரிய இடத்து ஆட்கள், நாசூக்காக மறைத்துவிட்டார்கள். என்னிடம் நடக்குமா? கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட்டேன். இயேசுவோடு எனக்கு ஏற்பட்ட முதல் சொந்தம் இதுதான். அவரும் தகப்பனுக்கு ஆகாத ஜாதகக்காரர். மற்றவர்கள் எப்படி எப்படியோ அவரிடம் வந்திருப்பார்கள், நான் இப்படி வந்தேன்.

பாவம், என்னைப் போல ஒருவர் என்று நினைத்துத்தான் அவர் கதையைக் கேட்க ஆரம்பித்தேன். தோழியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனேன். போகப் போக ஆளைப் பிடித்துப்போனது. யாரும் கிட்டே போகாத குஷ்டரோகியைத் தொட்டார். தொந்தரவு என்று துரத்தப்பட்ட பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஊர் ஒதுக்கியவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டார். இவருக்கு என் வாயைப் பற்றித் தெரிந்தாலும் முகம் சுளிக்க மாட்டார் என்று தோன்றியது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லைதான். ஆனால் அவளுடைய கவலை வேறு. "எந்தச் சாமியை வேணும்னாலும் கும்பிடு. வாயை மட்டும் பார்த்துக்கோ" என்றாள். ஒரு தடவை நான் ஜெபம் சொல்வதைக் கேட்டுவிட்டு, "அதென்னடி பிதா?" என்றாள்.

"சாமியோட பேரும்மா."

"அப்பச் சரி."

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. பிதா என்றால் அப்பா என்று தெரியாதா என்ன? ஆனால் அது வீட்டில் புழங்காத சொல், புத்தகத்துச் சொல். அதைச் சொன்னால் யாருக்கும் விரல் போகாது. வருஷக்கணக்காக அந்தச் சொல்லின் மறைவில் நின்றே ஜெபம் செய்தேன்.

மறைவில் நின்றால் முகம் தெரியாது. எஸ்டேட்டுகளில் கிராணி என்று ஒருவர் இருப்பார், கணக்கு எழுதுகிறவர். அவரிடம் நம் குறையைச் சொல்லலாம், காது கொடுத்துக் கேட்பார். உள்ளறையில் துரை இருப்பார். அவரிடம் நாம் போக முடியாது, கிராணிதான் போய்ப் பேச வேண்டும். என் மனதில் இயேசு அந்த நல்ல கிராணி. பிதா என்பவர் கதவுக்குப் பின்னால் இருக்கும் துரை. "உள்ளே கோபமா இருக்காரு, நான் பேசிப் பார்க்கறேன்" என்று இயேசு எனக்காகப் போய் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் எனக்கு எவ்வளவு பிரியமோ, உள்ளே இருந்தவரிடம் அவ்வளவு பயம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கேலாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாரம்மாவாகியிருந்தேன். இயேசு செத்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கிழமை, அந்த வருஷத்து ஆராதனைக்குத் தோழியோடு போயிருந்தேன். நல்ல மதிய வெயில். மின்விசிறி சுற்றியும் சேலை முதுகில் ஒட்டிக்கொண்டது. சாவதற்கு முன்னால் இயேசு தோட்டத்தில் ஜெபித்த பகுதியை ஒருவர் வாசித்தார். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான், பிதா என்ற சொல்லும் கேட்டுப் பழகியதுதான். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு முன்னால் இருந்த இன்னொரு சொல் என் காதில் விழுந்தது. தரையில் முகம் பட விழுந்து, நடுங்கிக்கொண்டு, அவர் அப்பா என்று கூப்பிட்டிருக்கிறார்.

தோழியின் கையைக் கிள்ளினேன். "அப்பான்னா சொன்னாரு?"

"ஆமா. அவரு பாஷையிலயும் ஏறக்குறைய அதேதான். வீட்டுல புள்ளைங்க கூப்பிடற மாதிரி. ஏன்டி கிள்ளறே?"

அதற்குமேல் வாசித்ததை நான் என் ஜாதகக் காதாலேயே கேட்டேன். கூப்பிட்டுவிட்டார். இனி தகப்பனுக்கு என்ன ஆகப்போகிறது? பிடித்துக்கொண்டு போகிறார்கள், அடிக்கிறார்கள், ஆணி அடிக்கிறார்கள். எல்லாம் மகனுக்கு. உயிர் போகும் நேரத்திலும் அவர் தகப்பனைத்தான் கூப்பிடுகிறார். தகப்பனுக்கு ஒரு கீறலும் இல்லை. செத்தது கூப்பிட்டவர். அந்தச் சாவிலிருந்து அவரை மூன்றாம் நாள் எழுப்பியது யார்? கூப்பிடப்பட்ட அந்த அப்பாதான்.

என் கணக்கு முழுக்கத் தலைகீழாகிவிட்டது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. உங்கள் அப்பாவை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்ட சீடனிடம், என்னைப் பார்த்தவன் அவரைப் பார்த்தாகிவிட்டது என்ற பொருளில் இயேசு பதில் சொல்லியிருக்கிறார். அதை நான் பாடமாகப் படித்திருந்தேன், கருத்தில் வாங்கவில்லை. அப்படியானால் உள்ளறை என்று ஒன்று கிடையாது. குஷ்டரோகியைத் தொட்ட கைதான் அந்த அப்பாவின் கை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்ட மடிதான் அவர் மடி. இயேசு என்னை அவரிடமிருந்து காப்பாற்ற வரவில்லை, அவரிடம் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். மற்றவர்கள் சிலுவையைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

புத்திக்குப் புரிந்தது வாய்க்குப் புரிய வேண்டாமா? உதடு வரைக்கும் வரும், அங்கேயே நிற்கும். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பள்ளி விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கூடையில் முள்ளங்கியோடு ஒரு சீனக் கிழவி. ஏன் அங்கே, ஏன் அன்றைக்கு என்று எனக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாமியைப் பார்த்து "அப்பா" என்றேன்.

சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். நெஞ்சில் இத்தனை வருஷம் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நிறுத்தம்தான் அந்த நிம்மதி நிலைத்தது. மூன்றாவதில் பழைய கணக்கு திரும்பி வந்தது. நான் சாமியைத்தான் கூப்பிட்டேன், ஆனால் சொல் ஒன்றுதானே? அது யாரைப் போய்ச் சேர்ந்ததோ? அந்த மில், அந்த பெல்ட்! தேக்காவில் பஸ் நிற்பதற்குள் குதித்தேன். இறங்கியவள் ஓடினேன். படித்த வாத்தியாரம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்கறி வண்டிகளுக்கு நடுவே ஓடியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது.

மில் ஓடிக்கொண்டிருந்தது. டின்னும் பையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா மஞ்சள் பூசிய முகத்தோடு குத்துக்கல்லாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் அஞ்சடிக்கு வந்தார்.

"என்னம்மா? அம்மாவுக்கு ஏதாவதா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன?"

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இயேசு கூப்பிட்டது, நான் பஸ்ஸில் கூப்பிட்டது, விரல், பெல்ட், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு குறைந்துபோன கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, "இதுவா? பெல்ட்டு பழசு, எனக்குத் தூக்கக் கலக்கம். நீ என்ன செய்வே? இத்தனை நாளா இதையா மனசுல வச்சிருந்தே?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"சயாம்ல காய்ச்சல்ல கெடந்தேன். பக்கத்துல படுத்தவன் விடிஞ்சா இருக்க மாட்டான். பொறந்த புள்ளையை விட்டுட்டு வந்தோம், அது பேசக் கத்துக்கிட்டு அப்பான்னு கூப்பிடும், அதைக் கேக்காமப் போயிடக் கூடாதுன்னு அதையேதான் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதுலதான் உசுரு நின்னுச்சு. வந்து வாசல்ல நின்னேன். நீ உங்கம்மா சேலையைப் புடிச்சுக்கிட்டு மாமான்னே."

"அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? அவ அந்தப் பயத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் தனியா உன்னைக் காப்பாத்தினா. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் மிஷினிடம் போய்விட்டார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரைக் கொல்லும் என்று நான் பயந்த சொல்தான் அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார், கேட்டு வாங்கவும் இல்லை. இந்த மனுஷரே இப்படி என்றால், பிதா என்று நான் எட்ட வைத்திருந்தவர் எவ்வளவு நாளாகக் காது கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்! என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர் அல்ல அவர். நான் கூப்பிட வேண்டும் என்று தம் மகனை அனுப்பி அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டியவர். எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. உண்மையாகவே விட்டுப்போயிற்று.

வாசல் படியேறி நின்று, "அப்பா" என்றேன்.

மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டார். யாருடைய மஞ்சளோ பாதி அரைபட்டுக்கொண்டிருக்க, கையை நீட்டி மில்லையே நிறுத்திவிட்டார். வரிசையில் நின்ற பெண்கள், "என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க? நேரமாகுதுல்ல" என்று சத்தம் போட்டார்கள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அவர். "என் மக கூப்பிடுறா."